விசுவாசமா, கிரியையா? கோயில் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் வேதபாடத்திலும் பல வருஷங்களாகப் பாடம் எடுத்து வருகிறேன். வகுப்பில் "கேள்வி உண்டா?" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வருவார்கள். அப்படி வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: விசுவாசித்தால் மட்டும் போதுமா, நல்ல காரியங்கள் செய்தால்தான் ஆகுமா? அங்கே நின்றபடி சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நான் ஆயர் இல்லை. சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்த ஆள். அந்தச் சாய்வு பதில்களில் தெரியத்தான் செய்யும். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

பவுல் ஒன்று சொல்கிறார், யாக்கோபு வேறொன்று சொல்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

முதலில், முரண்பாடே இல்லை என்று சமாளிக்க வேண்டாம். புதிய ஏற்பாட்டில் இருவரும் எழுதிய நிருபங்களிலிருந்து இரண்டு வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோமர் 3:28: "மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்." யாக்கோபு 2:24: "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." (நியாயப்பிரமாணம் என்பது மோசேயின் சட்டம்.) அதே வினைச்சொல். போதாக்குறைக்கு இருவரும் அதே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வாசிக்கிறவர் குழம்பினால் அது அவர் தப்பு இல்லை.

குழப்பம் தீர, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, வந்த விசுவாசிகளிடம் போய், விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்யாவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள் (அப்போஸ்தலர் 15:1). பவுல் சண்டை போடுவது அவர்களோடு. தேவனுடைய வீட்டு வாசலில் பில்லை நீட்டி "என் பங்கைச் செய்துவிட்டேன், உமது பங்கைத் தாரும்" என்று நிற்கிற ஆள்தான் அவர் மனதில் இருக்கிறார்.

யாக்கோபின் சபை வேறு மாதிரி. அந்த இரண்டாம் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவர் வந்தால் நல்ல இடம். கந்தை கட்டிய ஏழை வந்தால், "அங்கே நில்லு, இல்லை என் கால்மாட்டில் உட்காரு." ஐந்தாம் அதிகாரத்தில் வயல் அறுத்த கூலிக்காரர்களின் கூலி பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஞானஸ்நான சர்டிபிகேட்டை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவரைத்தான் யாக்கோபு தட்டி எழுப்புகிறார். பவுல் முன்னால் நிற்பவருக்கு யாக்கோபின் பேச்சைக் கொடுத்தால் அவர் இன்னும் ஒரு பில் எழுதுவார். யாக்கோபு முன்னால் இருப்பவருக்குப் பவுலின் பேச்சைக் கொடுத்தால் போர்வையை இன்னும் நன்றாக இழுத்து மூடிக்கொள்வார்.

அப்புறம், "விசுவாசம்" என்ற சொல்லே இருவரிடமும் ஒரே எடையில் இல்லை. யாக்கோபு 2:19இல், தேவன் ஒருவர் என்று ஒப்புக்கொள்வதுகூட விசுவாசம்தான். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்கிறார். பவுல் அந்தச் சொல்லை இவ்வளவு மலிவாக எங்கும் செலவழிப்பதில்லை. இந்த டாக்டர் ரொம்பக் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மட்டும் வாங்காத ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றித்தான் யாக்கோபு பேசுகிறார். பவுலின் விசுவாசம் மாத்திரையை முழுங்கிய விசுவாசம். கலாத்தியர் 5:6இல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று அவரே எழுதுகிறார். அந்த வரியை யாக்கோபு பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"கிரியை" என்றால் சரியாக என்ன?

நம் பழைய மொழிபெயர்ப்பில் வேலை, செயல் என்பதற்கெல்லாம் இந்த ஒரே சொல். ஆனால் பைபிளுக்கு வெளியே தமிழில் அதற்கு வேறு வாழ்க்கை உண்டு. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நாலு படிகளில் அது இரண்டாவது: பூசை, சடங்கு. செத்தவர்களுக்குச் செய்வது இறுதிக்கிரியை. ஆக, "கிரியைகளினால் அல்ல" என்று பவுல் சொல்லும்போது தமிழ்க் காதில் "சடங்குகளினால் அல்ல" என்றும் விழுகிறது. தற்செயலோ என்னவோ, அது பெரிய தப்பும் இல்லை. "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்று பவுல் எழுதும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவை விருத்தசேதனம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நாள் பார்ப்பது இவைதான். யூதர் யார், யூதரல்லாதவர் யார் என்று பிரித்துக் காட்டிய அடையாளங்கள். 1977இல் ஈ.பி. சாண்டர்ஸின் ஆய்வு வந்த பிறகு பல அறிஞர்கள் இந்தப் பக்கத்தை அழுத்திச் சொல்கிறார்கள். அடையாளச் சடங்குகளை மட்டுமே பவுல் சொன்னார் என்று அதைச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எபேசியர் 2:9இல் "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்று வருகிறது. பெருமை பாராட்ட சடங்குதான் வேண்டும் என்பதில்லையே, தருமமே தாராளமாகப் போதும்.

இன்னொரு சிக்கல், கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் விசுவாசம் "நம்பிக்கை" ஆகிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பிலோ நம்பிக்கை என்பது வேறு சரக்கு: "விசுவாசம், நம்பிக்கை, அன்பு." புதியதில் அதே வரி "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". மாமியாரும் மருமகளும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டே சண்டை போட நல்ல வசதி.

ஆபிரகாம் எதனால் நீதிமான் ஆனார்? ஈசாக்கைப் பலியிடப் போனதனால்தானே?

இதற்கு ஆபிரகாமின் வயதைக் கணக்குப் போட வேண்டும். ஆதியாகமம் 15:6: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." அப்போது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. விருத்தசேதனம் செய்துகொண்டபோது 99. ஆகவே நீதி எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவில் குறைந்தது 13 வருஷம் ஓடியிருக்கிறது. ரோமர் 4இல் பவுல் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான். "எப்பொழுது எண்ணப்பட்டது? விருத்தசேதனத்துக்கு முன்னா, பின்னா?" என்று நல்ல வக்கீல் மாதிரி கேட்கிறார்.

யாக்கோபு இந்தக் கதையின் அடுத்த முனையைப் பிடிக்கிறார். ஈசாக்கு பிறந்து, வளர்ந்து, விறகுக் கட்டைத் தோளில் சுமக்கிற பையனாகிவிட்டான். மோரியா மலை. அந்த இடத்தில் யாக்கோபும் ஆதியாகமம் 15:6ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார். அந்த வேதவாக்கியம் இப்போது நிறைவேறியது என்கிறார். பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் இரவில் நட்சத்திரங்களுக்குக் கீழே சொன்ன ஆமென், மலையில் கையும் காலும் முளைத்து நடந்தது. பவுல் விதை போட்ட நாளைச் சொல்கிறார், யாக்கோபு அறுப்பு நாளைச் சொல்கிறார். நிலம் ஒன்றுதான்.

லூத்தர் பைபிளில் இல்லாத "மாத்திரம்" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டாராமே?

ஆமாம், சேர்த்தார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3:28இல் "அல்லைன்", அதாவது "மாத்திரம்" என்ற சொல் உண்டு, கிரேக்கத்தில் இல்லை. எதிராளிகள் பிடித்துக்கொண்டார்கள். 1530இல் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி லூத்தர் பதில் சொன்னார். ஜெர்மன்காரன் "இது இல்லை, அதுதான்" என்று சொல்ல வந்தால் இயல்பாகவே அந்தச் சொல்லைப் போடுவான். வீட்டிலிருக்கும் தாயையும் தெருவில் விளையாடும் பிள்ளைகளையும் சந்தையிலிருக்கும் மனுஷனையும் கேட்டுப் பாருங்கள் என்றார்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. மேலே கொடுத்த தமிழ் வசனத்தை இன்னொரு தடவை பாருங்கள்: "விசுவாசத்தினாலேயே." லூத்தர் ஒரு சொல்லைச் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதை, நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் ஏகாரத்தில் முடித்துவிட்டார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. தமிழாசிரியரிடம் கேட்டால் இன்னும் சுவையாக இருக்கும். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து வேலை சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. "அவருள் இவனே கள்வன்" என்றால் பிரிநிலை. மற்றவர்களை ஒதுக்கி ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறது. "உண்டே மறுமை" என்றால் தேற்றம்; யாரையும் ஒதுக்கவில்லை, சத்தியமாக உண்டு என்று உறுதி சொல்கிறது. ரோமர் 3:28இன் ஏகாரம் எது? பிரிநிலை என்றால் லூத்தர் பக்கம். தேற்றம் என்றால் கத்தோலிக்கர்களும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த வாக்குவாதம் நம் இலக்கண நோட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. "கிரியைகளில்லாமல்" என்று முன்னாலேயே ஒதுக்கிவிட்டதால் அது பிரிநிலைதான் என்பது என் வாசிப்பு. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் "விசுவாசம்", "மாத்திரம்" இரண்டும் சேர்ந்து வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கேயும் "மாத்திரமல்ல" என்று மறுப்பதற்காகத்தான் வருகிறது.

லூத்தர் யாக்கோபின் நிருபத்தை "வைக்கோல் நிருபம்" என்று சொன்னதும் உண்மை. அதே 1522 பதிப்பின் முன்னுரையில் இருக்கிறது; பிந்திய பதிப்புகளில் அந்தப் பகுதி இல்லை. எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நாலையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் எண்கூடக் கொடுக்காமல் விட்டார். ஆனால் அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரையை ஏனோ யாரும் சொல்வதில்லை. விசுவாசம் சும்மா இருக்கத் தெரியாத உயிருள்ள பொருள். நன்மை செய்யலாமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும். நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாதது போல விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது என்கிறார். யாக்கோபை வைக்கோல் என்றவர் யாக்கோபு சொன்னதையேதான் சொல்கிறார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

கத்தோலிக்கர்கள் கிரியையினால் இரட்சிப்பு என்றுதானே போதிக்கிறார்கள்?

இல்லை. நம் ஆட்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13ஆம் தேதி நீதிமானாக்கப்படுதல் பற்றிய தன் தீர்மானத்தை வெளியிட்டது. அதன் முதல் சட்டமே, கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் சொந்தக் கிரியைகளால் மனுஷன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனைச் சபிக்கிறது. லூத்தருக்கு எதிராகக் கூடிய சங்கம்தான் இது. வித்தியாசம் வேறு இடத்தில்: கிருபை பெற்ற பிறகு செய்யும் நற்செயல்களால் அந்த நீதி வளருமா, அவற்றுக்குப் பேறுபலன் உண்டா, செத்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படுகிற உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா, பாவத்துக்கான தண்டனையைத் தள்ளுபடி செய்கிற பரிபூரண பலன் என்பது என்ன. 1517இல் சண்டை தொடங்கியதே பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையில்தான் என்பதால் மற்றதெல்லாம் மறந்துபோய் அது மட்டும் நம் மனதில் நின்றுவிட்டது.

1999 அக்டோபர் 31ஆம் தேதி, லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. 1530இல் லூத்தரன் விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்ட அதே ஊர். நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மாத்திரம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். நற்கிரியைகளுக்கு நம்மைத் தயார்படுத்துகிற பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிட்டது என்று அந்த அறிக்கையே சொல்லவில்லை. ஆனால் தெருமுனைக் கூட்டத்தில் மைக் பிடிப்பவர்கள் ஒரு தடவையாவது வாசித்திருக்கலாம்.

சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன கிரியை செய்தான்?

செய்ய நேரமே இல்லை. கையும் காலும் ஆணியில். ஆனாலும் பக்கத்துக் கள்ளனைக் கண்டித்தான், நமக்கு வந்தது நியாயம் என்று ஒப்புக்கொண்டான், ஒரு நிரபராதிக்காகப் பேசினான். அவனிடம் மீதியிருந்தது நாக்கு மட்டும்தான், அதை வைத்து முடிந்ததைச் செய்தான். இவனைக் காட்டி "கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஒன்று: கடைசி நேரம் எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சகேயு பாதிச் சொத்தைக் கொடுத்த பிறகுதானே "இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு?

லூக்கா 19ஐ மெதுவாக வாசித்தால் வரிசை தெரியும். எரிகோவில் ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்) தலைவன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு நிமிர்ந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். அதுவரை சகேயு ஒரு காசு கொடுக்கவில்லை, ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. பாவியின் வீட்டில் தங்கப் போகிறாரே என்று ஊர் முறுமுறுக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று பேசுகிறான். விருந்தாளி வந்த பிறகு வீடு மாறுகிறது.

அவன் சொன்ன கணக்கையும் கவனிக்க வேண்டும். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். தானாக ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும் என்பது லேவியராகமத்தின் சட்டம். நூறு ரூபாய் எடுத்தவன் நூற்றிருபது தந்தால் கணக்கு நேர். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி வெட்டியவனுக்கு யாத்திராகமம் விதிக்கும் தண்டனை. சகேயு தன்னைத் திருடன் என்று தானே தீர்ப்பெழுதி, அபராதத்தையும் தானே போட்டுக்கொள்கிறான். கட்டாயத்தில் கொடுப்பவன் நூற்றிருபதோடு நிறுத்தியிருப்பான்.

இன்னொன்று. பணம் கோயிலுக்குப் போகவில்லை. ஏழைகளுக்கும் ஏமாற்றப்பட்டவர்களுக்கும் போனது. நம் சாட்சிக் கூட்டங்களில் வட்டிக்கு விட்டதையும் லஞ்சம் வாங்கினதையும் கண்ணீரோடு அறிக்கையிட்டு, பிறகு ஆலயத்துக்குக் கேட் போட்டுக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், பணத்தைப் பறிகொடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றும்.

தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தால் ஆசீர்வாதம் வரும்தானே?

கொடுங்கள். ஆனால் பிக்சட் டெபாசிட் போல நினைத்துக் கொடுக்காதீர்கள். வட்டியை எதிர்பார்த்துக் கொடுத்தால் அது பவுல் எதிர்த்த பில்தான், ரசீது மட்டும் வேறு நிறம். பரிசேயர்கள் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் செலுத்தினார்கள். அதைத் தப்பென்று இயேசு சொல்லவில்லை. அஞ்சறைப் பெட்டியை எண்ணிக்கொண்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார். பொருத்தனைக்கும், அதாவது நேர்ச்சைக்கும், இதே பதில்.

ஆலயத்துக்குக் கொடுத்த பொருளில் பெயர் எழுதலாமா?

எங்கள் ஆலயத்தில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் இருக்கும்: முதலாவதில் "உபயம்", இரண்டாவதில் அப்பா பெயர், மூன்றாவதில் ஊர். ஓடும்போது ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால்தான் யார் தருமம் என்று தெரியும். ஒருமுறை பண்டிகைக்கு பெயின்ட் அடித்தபோது ஒரு பெயரின் மேல் தவறுதலாக வெள்ளை விழுந்துவிட்டது. அந்தக் குடும்பம் ஆறு மாசம் ஆராதனைக்கு வரவில்லை.

மத்தேயு 5:16 உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்கிறது. அடுத்த அதிகாரம், வலதுகை செய்கிறதை இடதுகை அறியக்கூடாது என்கிறது. முதல் வசனம் பிதாவை மகிமைப்படுத்தும்படி என்று முடிகிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். செத்துப்போன தாய் தகப்பன் நினைவாக எழுதுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அது துக்கத்தின் பாஷை. உயிரோடிருப்பவர் தன் பெயரைத் தானே எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

கஷ்டத்தில் இருப்பவருக்காக ஜெபிப்பதும் கிரியைதானே?

கிரியைதான். ஆனால் யாக்கோபு 2:16ஐயும் வாசியுங்கள்: "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு, உடம்புக்கு வேண்டியதைக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன?

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் செய்தி வந்தது. ஒரு பெரியம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. அரைமணி நேரத்தில் திரை முழுக்கக் கூப்பிய கைகள். நானும் ஒன்று போட்டேன். இரண்டு நாள் கழித்து எதையோ தேடி மேலே தள்ளியபோது அந்தச் செய்தியை முழுசாக வாசித்தேன். கடைசி வரி: "மகள் ரெண்டு ராத்திரியா தூங்கலை, துணைக்கு ஆள் இல்லை." எல்லாரும் ஆமென் போட்ட செய்திக்குள்ளேயே இருந்திருக்கிறது. வெட்கத்தோடு ஓடினேன். அங்கே எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரும் அவர் மனைவியும் முந்தின ராத்திரியே வந்து தங்கியிருந்தார்கள், பிளாஸ்கில் காபியோடு. அவர் குழுவில் இல்லை. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். கறிக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு வந்தாராம்.

மிஷனெரிகள் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டியது மதம் மாற்றுவதற்காகத்தானே? அது எப்படி நற்கிரியை?

கோயிலுக்கு வராத நண்பர்கள் கேட்பது. நேர்மையான கேள்வி. நோக்கங்கள் கலந்திருந்தன என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். அவர்கள் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் ஊறியவர். அங்கே பிராங்கே என்ற போதகர் அநாதைகளுக்கு இல்லமும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தி வந்தார். விசுவாசத்தினால் நீதிமான் என்று பிரசங்கித்த லூத்தரன்கள்தான், ஆனால் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தைக் கட்டிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் கப்பலேறி நம் கரைக்கு வந்தது.

பிறகு வேலூர். ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக, மிஷனெரி டாக்டரான தகப்பனாரோடு திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்றார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். படித்து டாக்டராகி 1900இல் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அதன் கொள்கை வாசகம், ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்ற இயேசுவின் சொல்லிலிருந்து எடுத்தது. அங்கே மதம் பார்த்து ஓ.பி. சீட்டுக் கொடுப்பதில்லை. எதையாவது வாங்குவதற்காகச் செய்யப்படும் உதவி நற்கிரியை ஆகாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆத்துமாவையே வாங்குவதாக இருந்தாலும் சரி.

கிறிஸ்துவை அறியாத நல்லவர்களுடைய நற்செயல்கள் வீணா?

தீர்ப்பு என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. சபைகளுக்குள் இதில் ஒரே பதில் கிடையாது. நான் காட்டக்கூடியது கொர்நேலியுவை. ஞானஸ்நானம் பெறாத ரோமப் படை அதிகாரி. அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவனுடைய சந்நிதியில் வந்து எட்டியிருக்கிறது என்கிறான் தேவதூதன் (அப்போஸ்தலர் 10:4). அதற்காகப் பேதுருவை அனுப்ப வேண்டியதில்லை என்று விட்டுவிடவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் எனக்குத் தெரிகிறது.

எனக்கு உண்மையான விசுவாசம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் கிரியைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பயப்படுகிறவர்களுக்கு யாக்கோபை நான் சிபாரிசு செய்வதில்லை. ஏற்கெனவே ராத்திரி தூக்கம் வராதவரை எழுப்பிவிட என்ன இருக்கிறது? மாற்கு 9:24ஐ வாசியுங்கள். நோயாளிப் பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடே சொல்கிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம், இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். பிள்ளை சுகமானது.

மத்தேயு 25ஐ நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், வஸ்திரம், நோயாளியைப் பார்ப்பது, சிறையில் இருப்பவனிடம் போவது, எல்லாம் செய்தேனா என்று. ஆனால் அந்தக் காட்சியில் வலதுபக்கம் நிற்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்: ஆண்டவரே, எப்பொழுது செய்தோம்? அவர்கள் நோட்டு வைத்திருக்கவில்லை. நீங்களும் நோட்டை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டில் என்ன தேவை என்று பாருங்கள்.

வயதாகிக் கட்டிலில் கிடக்கிறேன். கோயிலுக்குப் போக முடியவில்லை, கொடுக்கக் காசும் இல்லை. "கிரியைகளில்லாத விசுவாசமும் செத்தது" என்கிறார்களே, என்னுடையது செத்துவிட்டதா?

இது வாசலில் கேட்டது இல்லை. ஓர் அம்மா வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது.

இல்லை அம்மா. யாக்கோபு பேசியது கையில் வைத்துக்கொண்டு கொடாதவனிடம்.

எங்கள் ஆச்சி பிடியரிசி எடுப்பார். அடுப்பங்கரையில் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. மாசக் கடைசியில் கோயிலுக்குப் போகும். வருத்தமான வருஷங்களிலும் அது நின்றதில்லை, பிடி கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். கடைசி இரண்டு வருஷம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சமையல் பெரியம்மா கைக்கு வந்தது. ஆச்சிக்குப் பேர்களெல்லாம் மறந்துகொண்டே வந்தன. என்னை என் அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் தினமும் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில், அரிசி களைகிற சத்தம் கேட்டதும், கட்டிலிலிருந்து குரல் வரும்: "ஏட்டி, பிடி எடுத்தியா?"